நாட் விமானமும் அப்பாவின் மாட்டு வண்டியும்



எனக்கு ஊர் ஜேடர்பாளையம். காவிரி அணைக்கட்டும் வெல்லமும்தான் எங்கள் ஊரின் அடையாளம். அப்பா இளவயதில் கரும்பு வண்டி ஓட்டியவர். இப்போது ஆலைக் கொட்டாயில் கொப்பரை கிண்டுகிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு.

விமானப் பைத்தியம் எனக்கு 2019 டிசம்பர் 27-ல் பிடித்தது. அன்று ஜோத்பூரில் நம் விமானப்படை மிக்-27 விமானங்களுக்கு விடை கொடுத்ததை டீக்கடை டி.வி.யில் பார்த்தேன். பறக்கும்போதே இறக்கையை 16, 45, 72 டிகிரி என்று மூன்று நிலைகளில் மாற்றும் விமானம் அது. கிளம்பவும் இறங்கவும் விரித்த இறக்கை. வேகத்துக்கு மடக்கிய இறக்கை. வல்லூறு பாயும்போது சிறகை ஒடுக்குமே, அதே வித்தை!

இந்த வருஷக் கண்காட்சிக்கு மாடல் செய்யச் சொன்னதும் எனக்கு ஒரு விபரீத ஆசை. பழைய பிரிட்டிஷ் ஜெட் ஒன்றுக்கு மடக்கு இறக்கை வைத்தால் என்ன? நான் எடுத்துக்கொண்டது நாட் விமானம். 1955-ல் முதலில் பறந்தது. பின்பு பெங்களூர் எச்.ஏ.எல்.லிலும் தயாரானது. இறக்கை முனைக்கு முனை சுமார் 22 அடிதான். 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் செகோன் போரிட்டு வீரமரணம் அடைந்தது இந்த விமானத்தில்தான். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

தெர்மகோல் உடல், அட்டை இறக்கை. இறக்கை உடலோடு சேரும் இடத்திலேயே இரண்டு போல்ட் முடுக்கினேன். அணைக்கட்டுப் பக்கம் போய் வீசிப் பார்த்தேன். விரித்தால் பதினோரு தப்படி பறந்தது. மடக்கினால் இரண்டே தப்படியில் மூக்கு மண்ணில்! மூக்கிலிருந்த களிமண்ணைக் குறைத்தேன். மடக்கியபோது சரியானது, விரித்தால் தலையைத் தூக்கி மல்லாந்தது.

ஒரு வாரம் இதே கதை. எனக்குப் பீஸ் கட்டக் கடன் வாங்கியவர் முன்னால் பொம்மையோடு உட்காரக் கூச்சமாக இருந்தது. ஒரு ராத்திரி அப்பாவே அதை வாங்கி இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது முன்பாரம். வண்டில பாரம் முன்னால போச்சுன்னா மாட்டுக் கழுத்து ஒடியும். பின்னால போச்சுன்னா நொகத்தடி மேல தூக்கும். நீ றெக்கையப் பின்னால தள்றது அச்சையே பின்னால தள்ற மாதிரிதான? பாரம் இருந்த எடத்துலயே இருந்தா முன்பாரந்தான் ஆகும்."

"இதுல மூட்டைய நகத்த முடியாதுங்கப்பா."

"அப்ப அச்சு ரொம்ப நகராமப் பாத்துக்க."

அதற்குப் பிறகுதான் படித்ததெல்லாம் மண்டையில் ஏறியது. 1951-ல் பறந்த அமெரிக்காவின் பெல் எக்ஸ்-5, இறக்கையை மடக்கும்போது அதை மொத்தமாக முன்னால் நகர்த்திக்கொண்டது. கான்கார்டு, வேகம் கூடும்போது எரிபொருளைப் பின்தொட்டிக்குப் பம்ப் செய்தது. மூட்டையை நகர்த்துகிற அதே வேலை! 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வேறு வழி கண்டார்கள். கீலை உடலிலிருந்து தள்ளி வைத்தால் உள் இறக்கை அப்படியே நிற்கும், வெளி இறக்கை மட்டும் மடங்கும். தாங்குகிற இடம் அதிகம் நகராது. மிக்-27-லும் இதே ஏற்பாடுதான்.

நானும் போல்ட்டை நாலு சென்டிமீட்டர் வெளியே தள்ளினேன். மடக்கிய நாட் ஏழு தப்படி பறந்தது!

கண்காட்சியில் நடுவர் கேட்டார்: "நிஜ விமானத்துக்கு இது சரிப்படுமா?"

"கீல், அதை இயக்கும் கருவி எல்லாம் சேர்ந்தால் எடை ஏறிவிடும் சார். சிறுசு, லேசு என்பதுதான் நாட் விமானத்தின் பலம். அது போய்விடும்."

"கீலைத் தள்ளி வைக்கிற யோசனை எப்படி வந்தது?"

"புத்தகத்தில் படித்தேன் சார்."

மாட்டு வண்டி என்று சொல்ல அத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. சர்ட்டிபிகேட்டை அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

நண்பர்களே, அன்று சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். யோசனை எங்கள் அப்பாவுடையது. மலர் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.