கரியாஹாட்டில் கிஸ்தி

2024 ஜூனில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். (ஊர் பெயரை 2001-லேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது.) புரமோஷன் வேணுமா என்று கேட்டார்கள், வேணும் என்றேன், அப்ப மூட்டையைக் கட்டு என்றார்கள். பாங்க்கில் ஆணி பிடுங்குகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கதை. தங்கமணியும் பொண்ணும் திருச்சியில். நான் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஒற்றை அறையில். அந்தப் பக்கம் தென்னிந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் வாழையிலை, முருங்கைக்காய், காபிப்பொடி எதற்கும் பஞ்சமில்லை. பேசத்தான் ஆள் கிடையாது.

அதனால் 2025 ஜனவரியில் இரண்டாவது சனிக்கிழமை லீவில், "சார், போர்டு கேம் கஃபேக்குப் போலாமா?" என்று எங்கள் கிளையின் கட்டாக் பையன் கேட்டபோது, அது என்னவென்று தெரியாமலே தலையாட்டிவிட்டேன். கூட வந்தவர்கள் பாலக்காட்டுக்காரர் ஒருவரும், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் மிச்சமிருக்கும் எங்கள் தாதாவும். பதற வேண்டாம், இங்கே தாதா என்றால் அண்ணன். இந்த தாதா எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்.

கோல்பார்க் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடியில் இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க டப்பா. மணிக்கு தலைக்கு நூற்றைம்பது ரூபாய், காபி தனி. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் யாரோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் பயந்ததைப் பார்த்தேன். தாதாவின் மங்கி கேப் அப்படி.

விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பையன் இருக்கிறான். அவன் எடுத்து வைத்ததன் பெயர் காட்டான். நமக்கு ஏற்ற பெயர்தான் :-) ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் என்பவர் போட்டது, 1995-இல் வெளிவந்ததாம். அவர் தொழிலே செயற்கைப் பல் செய்வது என்று அந்தப் பையன் சொன்னான். ஒரு தீவு, அதில் செங்கல், மரம், ஆடு, கோதுமை, தாது. பகடை உருட்டிச் சரக்குச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பண்டமாற்றுப் பண்ணி, ரோடு போட்டு, வீடு கட்ட வேண்டும். யாரும் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளாவிட்டால் பாங்க்கிடம் போகலாம். பாங்க் நாலு செங்கல் வாங்கிக்கொண்டு ஒரு கோதுமை தரும். எங்கள் பிராசசிங் சார்ஜைத் திட்டுகிற கஸ்டமர்களை ஒருநாள் இங்கே அழைத்துவர வேண்டும்.

நன்றாகத்தான் இருந்தது. பாலக்காட்டுக்காரர் ஆட்டுக்காக அழாத குறையாகக் கெஞ்சினார். அலுவலகத்தில் கையெழுத்துக்குக்கூட வாய் திறக்காத மனுஷன். ஆனால் தாதாவுக்கு அரை மணி நேரத்தில் பொறுமை போய்விட்டது. அலமாரியில் ஒரு செஸ் போர்டு இருந்ததை எடுத்துத் திறந்தார். ஒரு சிப்பாய் குறைந்தது, பதிலுக்கு ஒரு பாட்டில் மூடி. மூடியைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். "இதுக்குப் போய்க் காசா? வாங்க, நான் ஒரு இடம் காட்டறேன்" என்று எழுந்துவிட்டார்.

கரியாஹாட் ரோட்டில் வடக்கே நடந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் அந்த நடைபாதையில் நடப்பதே ஒரு விளையாட்டு. ஒரு பக்கம் புடவைக் கடைகள், மறுபக்கம் பெட்டிக்கடைகள், நடுவில் ஒரு முழ இடத்தில் மொத்தக் கல்கத்தா. நாற்சந்திக்கு வந்ததும் மேம்பாலத்துக்கு அடியில் கையைக் காட்டினார். 2002-இல் திறந்த பாலம். மேலே வண்டிகள் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் பஸ் ஹாரன், நடுவில் தூண்களுக்கு இடையே வரிசையாக மேஜை போட்டு ஆட்கள் செஸ் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்! விளையாடுகிறவர்களைவிட நின்று பார்ப்பவர்கள் அதிகம். கோட்டு போட்டவர், லுங்கி கட்டினவர், கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் என்று எல்லாரும் உண்டு. யாரும் யாரையும் யார் என்று கேட்கவில்லை.

நான் தயங்கி நின்றேன். எனக்கு செஸ் தெரியும், ஆனால் விளையாடி ஆறேழு வருஷம் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் எதிர் நாற்காலியைக் காட்டி "கேல்பேன்?" என்றார். விளையாடுறீங்களா என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெள்ளைக் காய். சுற்றி நின்றவர்கள் பேசுவதில் பாதிக்குப் பாதி காய்களின் பெயர், அதுவும் எனக்கு எதிராகவே வேலை செய்தது. நமக்கு ராணி, இவர்களுக்கு மந்திரி. நம் மந்திரி இவர்களுக்கு கஜம், அதாவது யானை. நம் யானை இவர்களுக்கு நௌகா, படகு! மந்திரி மந்திரி என்று யாரோ முணுமுணுக்க, நான் என் மந்திரிக்கு ஆபத்து என்று அதைக் காப்பாற்றப் போனேன். ஆபத்து என் ராணிக்கு.

ஆனால் என்னைக் கலக்கியது அது இல்லை. அவர் ஆரம்பித்த விதம். ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அது விட்டுப்போன இடத்தில் மந்திரியைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். பிறகு கோட்டை கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். இந்த அமைப்பை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், என் பொண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

இப்போது கொசுவத்தி சுற்ற வேண்டும்.

டிவி அதிகம் பார்க்கிறாள் என்று ஏழு வயதில் அவளை செஸ் வகுப்பில் சேர்த்தோம். அதற்குப் பிறகு எட்டு வருஷம் எங்கள் சனி ஞாயிறு எல்லாம் நாமக்கல், ஈரோடு, மதுரை என்று பஸ்ஸில்தான். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் உள்ளே, நான் வெளியே. அப்படி ஒரு பஸ்ஸில்தான் கேட்டேன், "ஏம்மா எப்பவும் கறுப்புக் காய்க்கு இதையே ஆடறே?" என்று. கிங்ஸ் இந்தியன் என்று பெயர் சொன்னாள். "கல்கத்தாவில ஆடினதுப்பா, அதான் இந்தியன்னு பேரு."

பிறகு நானே தேடிப் படித்தேன். கல்கத்தாவில் வக்கீலாக இருந்த ஜான் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெரிய ஆட்டக்காரர். யாரிடமும் தோற்காத ஒரு பிராமணர் உள்ளூர்ப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போயிருக்கிறார். அவர் பெயர் மகேஷ்சந்திர பந்தோபாத்யாய். 1848-லிருந்து 1860 வரை இரண்டு பேரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். நம் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலில்கூட இரண்டு கட்டம் தாவாது. அந்தப் பழக்கத்தில் மகேஷ்சந்திரர் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஓரத்திலிருந்து மந்திரியைக் குறிபார்க்க வைத்தார். காக்ரேன் அந்த ஆட்டங்களைக் குறித்து வைத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. இன்றைக்கும் இந்தியன் டிஃபென்ஸ் என்றுதான் பெயர்.

2018 ஜூனில் பொண்ணு பத்தாம் வகுப்பு. அவளுடைய ரேட்டிங் 1287. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கோச் ஃபீஸ், என்ட்ரி ஃபீஸ், பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு அறுபத்திரண்டாயிரம். வரவு என்ன? இரண்டு ஷீல்டு, ஒரு சைக்கிள். பி.காம். படித்தவன் புத்தி, லோன் அப்ளிகேஷனைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். இது வாராக்கடன் என்று முடிவு கட்டி அவளிடம் விளக்கினேன். பப்ளிக் எக்ஸாம், பிறகு பார்க்கலாம் என்றேன். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. போர்டைப் பரணில் போட்டது நான்.

அதே ஜூன் மாசக் கடைசியில் பேப்பரைத் திறந்தால், பன்னிரண்டு வயதில் பிரக்ஞானந்தா கிராண்ட்மாஸ்டர். அப்பா ரமேஷ்பாபு வங்கியில் வேலை பார்ப்பவர் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அக்கா வைஷாலியை அவர்கள் செஸ்ஸில் சேர்த்ததும் டிவி பார்ப்பதைக் குறைக்கத்தானாம். செலவை நினைத்துத் தம்பியைச் சேர்க்கவே முதலில் யோசித்தார்களாம். அவரும் கணக்குப் பார்த்தவர்தான், என்னை மாதிரி. ஆனால் கணக்கை மூடவில்லை. 2023 டிசம்பரில் வைஷாலியும் 2500 புள்ளியைத் தாண்டி, உலகத்திலேயே முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள்.

என் பொண்ணு அவர்கள் மாதிரி வந்திருப்பாள் என்று நான் சொல்லவே இல்லை. வந்திருக்க மாட்டாள், அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அதனால்தான் அந்த "சரிப்பா" இன்னும் உறுத்துகிறது. 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன சாயங்காலம் தங்கமணி போன் பண்ணினாள். "டிவியில அந்தப் பையன் அழறான். இவ பார்த்துட்டே உக்காந்திருக்கா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா." நான் நெட்வொர்க் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

பாலத்துக்கு அடியில் இருக்கிறோம். பெரியவர் அந்த மூலை மந்திரியை ஒரே இழுப்பில் இழுத்து "கிஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வங்காளத்தில் லோன் தவணைக்கும் கிஸ்திதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் கேட்கிற ஒரே வங்காள வார்த்தை அது, "இந்த மாசக் கிஸ்தி அடுத்த மாசம் கட்டறேன்" என்று. செஸ்ஸில் செக் வைத்தாலும் அதே கிஸ்தி. நம் ஊரில் மட்டும் என்ன, பாங்க்கிலும் செக், போர்டிலும் செக். இருபத்தி மூன்றாவது நகர்த்தலில் கிஸ்திமாத். பெரியவர் எழுந்து போகாமல் காய்களைப் பின்னோக்கி எடுத்து வைத்து, நான் எங்கே கோட்டை விட்டேன் என்று காட்டினார். ஒரு பொது வார்த்தை கிடையாது எங்களுக்குள். எல்லாம் புரிந்தது.

பக்கத்து மேஜையில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய ஆளோடு ஆடிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் அப்பா, கையில் காய்கறிப் பை, பையிலிருந்து முள்ளங்கி எட்டிப் பார்த்தது. நடைபாதையில் துணி விற்கிறவராம். தாதா வழியாகக் கேட்டேன், பொண்ணுக்கு ரேட்டிங் எவ்வளவு என்று. அவர் தாதாவிடம் திருப்பிக் கேட்டார், "என்ன ரேட்டிங்?" பிறகு எங்களை விட்டுவிட்டுப் போர்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அறைக்கு வந்து பொண்ணுக்குப் போன் போட்டேன். சி.ஏ. படித்துக்கொண்டிருக்கிறாள், எப்போது கூப்பிட்டாலும் "சொல்லுங்கப்பா, படிச்சிட்டிருக்கேன்."

"இன்னிக்கு கல்கத்தாவில உன்னோட கிங்ஸ் இந்தியனை எனக்கே ஆடிட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க எத்தனாவது மூவ்ல கேஸ்லிங் பண்ணீங்க?"

"பண்ணலை."

"அப்பா!" என்று சிரித்தாள். எத்தனை வருஷம் ஆச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு. அந்தத் தைரியத்தில், சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. "பரண்ல உன் போர்டு இருக்குல்ல, அம்மாகிட்ட சொல்லி எடுத்து..." என்று இழுத்தேன்.

"அது பரண்ல இல்லைப்பா. நீங்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறின அன்னிக்கே எடுத்துட்டேன்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே தெருவில் பத்தரை மணி ஆட்டோ ஒன்று போனது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பாலத்தடிக்குப் போனேன், தனியாக. அதே பெரியவர், அதே மூலை மந்திரி. பதினெட்டாவது நகர்த்தலில் நிலைமையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "குதிரையை ஏன் ஓரத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்க?" தோற்ற பிறகுதான் பார்த்தேன்.