சாரல் நனைத்த பாறை

குற்றாலத்தில் சாலமாண்டர் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. பல்லி போல வாலுள்ள அந்த நீர்நில வாழ்வி இனமே மேற்குத் தொடர்ச்சி மலையில் இல்லை. டார்ஜிலிங் பக்கத்துக் குட்டைகளுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் சாரல் காலத்தில் ஓடையோரப் பாறையில் டார்ச் அடித்துக் காட்டினால் பலர் ஏமாந்துவிடுவார்கள். நீண்ட வால், இரண்டு பின்னங்கால், புடைத்த கண். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், "இது பல்லிக்குட்டில்லா சார்?" என்றார். இந்திரானா என்னும் தவளைப் பேரினத்தின் தலைப்பிரட்டை அது.

தலைப்பிரட்டை என்றால் குட்டைக்குள் நீந்தும் என்றுதான் படித்திருக்கிறோம். இது நீந்துவதில்லை. பாறைமேல் காகிதக் கனத்தில் வழியும் நீரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. அதற்கேற்பப் பின்னங்கால்கள் சீக்கிரமே வளர்ந்துவிடுகின்றன. வாலில் துடுப்புச் சவ்வு மிகக் குறைவு. விரல் நெருங்கினால் வாலைச் சொடுக்கித் துள்ளி ஓடும். வெள்ளம் அடித்துப் போகும் ஓடையைவிட ஓரத்துக் கசிவு பாதுகாப்பானது; மீனுக்கும் அங்கே இடமில்லை.

தேடுகிறவர் மடுவை விட்டுவிட்டு இந்தக் கசிவைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நேராக அடித்தால் ஈரம் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும். பாறையை உரசுவதுபோல் சாய்த்து அடித்தால், விரல்நுனியளவு உடம்புக்கும் நிழல் விழும். நிழலைத் தேடுவதுதான் எங்கள் வேலையில் பாதி.

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் இங்கே சாரலாக இறங்குகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஒரே பாறை ஆண்டில் இருமுறை நனைகிறது. கிழக்குச் சரிவில் எல்லா ஊருக்கும் இந்த யோகமில்லை. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை, நாசிகாபட்ராகஸ் பூபதி, இனப்பெருக்கத்துக்கு வடகிழக்கு மழையைத்தான் நம்புகிறது. அதன் தலைப்பிரட்டை ஓரத்துக்கு ஒதுங்காது. உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு ஓட்டத்துக்குள்ளேயே நிற்கும். துணிச்சல்காரப் பிள்ளை!

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதைவிடக் கண்டிப்பாக நான் சொல்வது கையைப் பற்றி. தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையால் தொடுவது அதன் மூக்கில் மருந்தைத் தேய்ப்பது மாதிரி. முடிந்தவரை தொடாமலே படம் எடுக்கச் சொல்கிறேன்.

அப்புறம் பூட்ஸ். நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்களைக் கூட்டமாக அழித்த தோல் பூஞ்சை 2013-இல் அடையாளம் காணப்பட்டது. இத்தகைய பூஞ்சைகள் ஈரச் சேற்றிலும் பயணம் செய்யும். ஓர் ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் சேறு போகத் தேய்த்து, கிருமிநாசினியில் நனைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். சீசன் நேரத்துக் குற்றாலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் இரண்டாவது ஜோடி எடுத்துப் போகிறேன்.