டிஸ்கோ காலத்து ஆண்குரல்கள்

டிஸ்கோ இசையின் தலைசிறந்த பெண்குரல் எது என்று கேட்டால் பெரிய விவாதம் எழாது. டோனா சம்மர் என்று சொல்லிவிட்டு, அடுத்த இடம் குளோரியா கேனருக்கா வேறொருவருக்கா என்று சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். தலைசிறந்த ஆண்குரல் எது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஆண்களில் பாதிப்பேர் பெண்ணின் சுருதியில் பாடினார்கள். மீதிப்பேரில் பலர் பாடவே இல்லை, பெண்களைப் பாடவைத்துவிட்டுப் பின்னால் நின்று வாசித்தார்கள். ஐந்து பெயர்களைத் தெரிவு செய்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை என்று எண்ணித்தான் நாங்கள் தொடங்கினோம். மூன்று மாதங்கள் ஆயின.

நாங்கள் மூவர். மூவருமே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். தமிழ், இயற்பியல், வணிகவியல் என்று துறைகள்தாம் வேறு. எங்கள் பால்யத்தில் டிஸ்கோ என்பது ஓர் இசைவகையின் பெயரே அல்ல. திருவிழாக் கச்சேரியில் சுழலும் வண்ண விளக்கு டிஸ்கோ. ஒரு நடிகையின் பெயருக்கு முன்னொட்டு டிஸ்கோ. வட இந்தியாவிலிருந்து வந்த 1982ஆம் ஆண்டின் ஒரு திரைப்படம் டிஸ்கோ. அச்சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, அது பிறந்த நாட்டில் அதைச் சொல்லவே பலரும் கூசினார்கள் என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. ஆகவே எங்களுக்கு இந்தப் பாடல்களோடு இளமை நினைவு எதுவும் கிடையாது. நாற்பதை எட்டும் வயதில், ஒரு பழைய இலக்கியத்தைப் படிப்பதுபோல உட்கார்ந்து கேட்டோம். அப்படிக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. யாரோடும் பழைய பாசம் இல்லை.

முதலில் எல்லை வகுத்துக்கொண்டோம்: 1973 முதல் 1979 வரை. தொடக்கமாக 1973ஐக் கொண்டதற்குக் காரணம் ஒரு மேளக்காரர். ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹரால்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் குழுவினர் ‘த லவ் ஐ லாஸ்ட்’ என்ற பாடலைப் பதிவு செய்தபோது, ஏர்ல் யங் பெரிய டிரம்மை ஒவ்வோர் அடிக்கும் சமமாக மிதித்தார். இரண்டு அடிகளுக்கு இடையே ஹை-ஹேட் தாளத் தட்டுகளைத் திறந்து மூடினார். தும், ச்ஸ், தும், ச்ஸ் என்ற அந்த மூச்சுதான் பின்வந்த ஏழாண்டுகளின் நடை. பாட்டு பிரிவுத் துயரம். தாளமோ ஆட்டத்துக்கு அழைக்கிறது. டிஸ்கோவைப் பொருளற்ற களியாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த முரணைக் கேட்டதில்லை என்றே தோன்றுகிறது.

அதைப் பாடியவர் டெடி பெண்டர்கிராஸ். அவரே அக்குழுவுக்கு முதலில் மேளக்காரராக வந்தவர்தாம். தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர் உச்சத்தில் தொண்டை கரகரக்கப் பேசுவதுபோல அவர் பாட்டின் கடைசிப் பகுதியில் சொற்களைப் பிய்த்து எறிவார். 1982 மார்ச்சில் நேர்ந்த கார் விபத்தில் அவர் உடல் செயலிழந்தது; 1985இல் ஃபிலடெல்ஃபியாவின் லைவ் எய்ட் மேடையில் சக்கர நாற்காலியில் வந்து பாடினார். அவருக்கு ஓரிடம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

பேரி வைட்டுக்கும் அவ்வளவாக எழவில்லை. பதினான்கு வயதில் ஒருநாள் விழித்தெழுந்தபோது குரல் இப்படி ஆகிவிட்டிருந்தது என்று அவர் சொல்வதுண்டு. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அவருடைய லவ் அன்லிமிடெட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ‘லவ்ஸ் தீம்’, பாடற்சொற்களே இல்லாமல் 1974 பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. ஆண்குரல் என்றால் மக்கள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதை அப்படியே கொடுத்தவர் அவர். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எங்களுக்கு அதிகம் தோன்றவில்லை. கேட்க இதமாக இருக்கிறது.

எழுதத் தோன்றுவது மறுபக்கத்தைப் பற்றி. ஆண் தன் இயல்பான எல்லையைத் தாண்டி மேலே பாடுவதைத் தமிழில் பொய்க்குரல் என்கிறோம். ஃபால்செட்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்குள்ளும் அதே பொய்தான் இருக்கிறது. இரு மொழிகளுமே அக்குரலை நம்ப மறுத்துப் பெயர் வைத்திருக்கின்றன. தலைவி கூற்றாக ஆண் புலவர்கள் இயற்றிய அகப்பாடல்களையும், நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று உருகியதையும் ஆண்டுதோறும் பாடம் சொல்கிற எங்களில் ஒருவருக்கு, உண்மைக்குரல் பொய்க்குரல் என்ற இந்தப் பகுப்பே உவப்பாக இல்லை. பொய் எதற்கு? அது தொண்டையின் இன்னோர் அறை, அவ்வளவே.

டெம்ப்டேஷன்ஸ் குழுவிலிருந்து பிரிந்து வந்த எடி கெண்ட்ரிக்ஸ் 1972இலேயே ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரு பாடலில் அந்த அறையைத் திறந்துவிட்டார். எங்கள் ஆண்டெல்லைக்கு வெளியே நின்றுவிட்டதால் அவரை எடுக்க முடியவில்லை என்ற வருத்தம் இருக்கிறது. ஆனால் உலகம் அறிந்த பொய்க்குரல் பேரி கிப்புடையது. பீ கீஸ் சகோதரர்கள் 1960களில் சோகப்பாடல்களால் பெயர் பெற்றுப் பின் மங்கிப்போனவர்கள். 1975இல் மயாமியில் ‘நைட்ஸ் ஆன் பிராட்வே’ பதிவாகும்போது, தயாரிப்பாளர் ஆரிஃப் மர்டின் பின்னணியில் யாராவது உச்சத்தில் கத்த முடியுமா என்று கேட்க, பேரி முயன்று பார்த்தார். தமக்குள் அப்படியொரு குரல் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

1977 டிசம்பரில் வெளியான ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் இசைத்தொகுப்பு மறு ஆண்டு தொடர்ந்து இருபத்துநான்கு வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் படத்துக்கு அடிப்படையாக அமைந்த நிக் கோனின் 1976ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கட்டுரை பெரும்பாலும் கற்பனையே என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். படத்தின் தாளத்திலும் ஒரு கற்பனை மனிதர் உண்டு. ‘ஸ்டேயிங் அலைவ்’ பதிவான சமயம், குடும்பத்தில் ஒருவர் நோயுற்றதால் மேளக்காரர் ஊர் சென்றிருந்தார். ஆகவே வேறொரு பாடலிலிருந்து சில நொடி மேளத்தை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். தொகுப்பு உறையில் மேளம் பெர்னார்ட் லூப் என்று விளையாட்டாக அச்சிட்டுவிட, அந்த ‘லூப்’ யாரென்று சிலர் தேடியும் திரிந்தார்களாம். எங்கள் இயற்பியல் நண்பருக்கு அந்தப் பாடலின் மீது மதிப்பு வந்தது இந்தக் கதைக்குப் பிறகுதான். ஒரு நெஞ்சு தளராமல் துடிப்பதைப் போன்றது அந்த நாடாவின் சுழற்சி. நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்கப் பயிற்சி தருகையில் வேகத்தை நினைவில் கொள்ள இப்பாடலை மனத்துக்குள் பாடிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பது பலரும் அறிந்ததே.

அடுத்த சிக்கல் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும். ‘ஷீக்’ குழுவின் முகப்பில் கேட்பவை பெரும்பாலும் பெண்குரல்கள். இவர்கள் கிதாரும் பேஸ் கிதாரும் வாசித்தார்கள், எழுதினார்கள், தயாரித்தார்கள். 1977 புத்தாண்டுக்கு முந்தைய இரவு, கிரேஸ் ஜோன்ஸ் அழைத்தும் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 வாசலில் இவர்களை உள்ளே விடவில்லை. திரும்பிப்போய் ஆத்திரத்தில் வாசித்த வசைதான், சொற்கள் மாற்றப்பட்டு ‘லெ ஃப்ரீக்’ ஆகி 1978இல் முதலிடம் பெற்றது. பாடகர் அல்லாதவரைக் குரல் பட்டியலில் சேர்க்கலாமா என்று வணிகவியல் நண்பர் கேட்டார். ‘குட் டைம்ஸ்’ பாடலின் பேஸ் கிதாரை ஒலிக்கவிட்டோம். அது பாடுகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. 1979இல் அதே இழையின்மீது ‘ராப்பர்ஸ் டிலைட்’ எழுந்தது. டிஸ்கோவின் முதுகில் ஏறித்தான் ராப் இசை ஊருக்குள் வந்தது. எட்வர்ட்ஸ் 1996இல் தோக்கியோவில், கச்சேரி வாசித்து முடித்த கையோடு காலமானார்.

‘குட் டைம்ஸ்’ முதலிடத்துக்கு வந்தது 1979 ஆகஸ்டில். அதற்குச் சுமார் ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 12 அன்று, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாடு அது. இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் நுழைவுக்கட்டணம் 98 சென்ட். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் திரண்டார்கள். வெடித்தவுடன் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. அன்று அங்கே பணியாளாக இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வந்து குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று பின்னர் சொல்லியிருக்கிறார். அவரே சில ஆண்டுகளில் சிகாகோவின் ஹவுஸ் இசையை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். ஆடுவதும், உயர்ந்த குரலில் பாடுவதும், மினுங்கும் சட்டை அணிவதும் ஆணுக்கு அழகல்ல என்ற எரிச்சலும் அந்தத் தீயில் இருந்தது. விளையாட்டு மைதானத்தை அதற்குத் தெரிந்தெடுத்தது தற்செயல்தானா என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

எரிந்தவர்களுக்கு ஒரு முகம் தரவேண்டுமானால் சில்வெஸ்டரைத் தரலாம். 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, பெந்தெகொஸ்தே தேவாலயத்தில் சிறுவனாகப் பாடி, தன் இயல்பு காரணமாகச் சபையினரால் வெறுக்கப்பட்டுப் பதின்வயதிலேயே அங்கிருந்து விலகியவர். சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். ஆண்களை நேசித்ததை அவர் மறைக்கவில்லை; விரும்பியபோது பெண்ணுடையும் விரும்பியபோது ஆணுடையும் உடுத்தார். தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அவரைப் பெண்வேடக் கலைஞர் என்று வகைப்படுத்த முயன்றபோது, தாம் சில்வெஸ்டர், அவ்வளவே என்று மறுத்தார். 1978இல் வந்த ‘யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)’ தேவாலயப் பாடலின் சாயலில் மிதவேகத்தில் எழுதப்பட்டது. பேட்ரிக் கவுலியின் மின்னணுக் கருவிகள் சேர்ந்ததும் விரைவு கொண்டது. தாம் மெய்யாக உணர்வதாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடல் அது. அதை முழுக்கப் பொய்க்குரலில் பாடினார். இதைவிடச் சிறந்த நகைமுரணை எந்த இலக்கண ஆசிரியரும் எடுத்துக்காட்டாகத் தரமுடியாது. கவுலி 1982இலும் சில்வெஸ்டர் 1988 டிசம்பரிலும் எய்ட்ஸ் நோயால் மறைந்தார்கள். சில்வெஸ்டருக்கு வயது நாற்பத்தொன்று, எங்களைவிடச் சற்று இளையவர். தம் பாடல்களின் உரிமத்தொகையைச் சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு எய்ட்ஸ் உதவி அமைப்புகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

எங்களில் இருவர் அவருக்கே முதலிடம் என்றோம். மூன்றாமவர் ஒப்பவில்லை. அவருக்குப் பதினேழு வயதுவரை குரல் உடையவில்லை. உடைந்த பின்னும் அதிகம் இறங்கவில்லை. தொலைபேசியில் வங்கியிலிருந்து பேசுகிறவர்கள் இன்றும் அவரை ‘மேடம்’ என்றே அழைக்கிறார்கள். படித்த பள்ளியில் ஆண்டுவிழாப் பாட்டுக்குத் தேர்வாகி, ஒத்திகையில் எல்லோரும் சிரித்ததால் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் அவர் எங்கும் பாடியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத இறுதியில், புதிய மாணவர்கள் முன் முதல் வகுப்பில் வாய் திறப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். “உங்களுக்கு அந்தக் குரலைக் கேட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு பேருந்தில் சில்லறை கேட்க வேண்டியதில்லை” என்றார். அவருடைய முதலிடம் பேரி வைட்டுக்கு.

இருவருக்கு ஒருவர் என்று வாக்கெடுத்து முடித்திருக்கலாம். எங்களுக்கு மனம் வரவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் சிறந்த பாடல் எது என்ற வழக்குக்குள் போகாமல் நான்கடி முதல் எட்டடி வரை என்று அளவு வைத்தார்கள்; அதுபோல நாங்களும் தரவரிசையை விட்டு ஆண்டு வரிசைக்குப் போனோம். பெண்டர்கிராஸ் 1973, பேரி வைட் 1974, பேரி கிப் 1975, சில்வெஸ்டர் 1978, ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் ஒரே இருக்கையில் 1979. மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் த வால்’ எல்லைக்குள் வந்தாலும், அவரை வேறு காலத்தின் தொடக்கமாகவே கொண்டோம். இதில் வாசகர் மாறுபடலாம்.

பட்டியல் முடிந்தது என்று எழுந்தபோது நண்பர் இன்னொரு பெயரைச் சொன்னார். ஜார்ஜ் மக்ரே. 1974இல் ‘ராக் யுவர் பேபி’. இயந்திர மேளத்தின்மீது மிதக்கும் பாட்டு. எழுதியவர்களில் ஒருவரான ஹாரி வேய்ன் கேசிக்கே அதன் மேல்ஸ்தாயி எட்டவில்லை என்பார்கள். மக்ரே கத்துவதில்லை, நிரூபிப்பதில்லை. மேலேயே இருந்து சாவகாசமாகப் பாடுகிறார். அவரைச் சேர்த்தால் பேரி வைட்டை எடுக்க வேண்டும், 1974இல் இரண்டு பேருக்கு இடமில்லை என்று சொன்னோம். எடுத்துவிடுங்கள் என்றார்.

நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.