எரிபொருளைப் பெருக்கும் உலை

1951 ஆம் ஆண்டு டிசெம்பர் 20 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் இடாகோ மாநிலத்தில் ஓர் அணு உலை நான்கு மின்குமிழ்களை ஒளிரச் செய்தது. அது ஒரு வேகப் பெருக்கி உலை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இயற்கை யுரேனியத்தில் எளிதிற் பிளவுறும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 சதவீதமே. எஞ்சிய யுரேனியம்-238, நியூத்திரனை ஏற்றுப் புளுத்தோனியமாக மாறவல்லது. எரிப்பதிலும் கூடுதலான எரிபொருளை ஆக்கலாம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளை மயக்கியதில் வியப்பில்லை.

இடையூறு குளிர்த்தும் பொருளிலேயே வந்தது. நீர் நியூத்திரன்களின் வேகத்தைத் தணித்துவிடும். ஆதலால் உருகிய சோடியத்தை நாடவேண்டியதாயிற்று. அதுவோ நீருடன் கடுமையாகத் தாக்கம் புரிவது. சூடான நிலையிற் காற்றுப் பட்டாலே தீப்பற்றுவது. யப்பானின் மொஞ்சு உலை 1995 டிசெம்பரிலே சோடியக் கசிவாலும் தீயாலும் நின்றது; 2016 இல் அரசு அதனைக் கைவிட்டது. பிரான்சின் 1,200 மெகாவாற்றுச் சுப்பர்பீனிக்சை மூடும் முடிவு 1997 இல் வெளியாயிற்று.

ஆயினும் பழி முழுவதையும் சோடியத்தின்மீது சுமத்துதல் நேர்மையாகாது. உருசியாவின் பெலோயார்சுக்கில் 1980 இல் மின்வழங்கத் தொடங்கிய 600 மெகாவாற்று உலை, இருபதுக்கு மேற்பட்ட கசிவுகளைக் கண்டும் பல பத்தாண்டுகள் இயங்கியது. மொஞ்சுவிலோ, விபத்தைக் காட்டும் வீடியோப் பதிவை நிருவாகத்தினர் மறைத்தனர். மக்களின் சினம் தீயினும் அம்மறைப்பின்மீதே மூண்டது. அன்றியும், யுரேனியம் விரைவில் அருகிவிடும் என்ற கணிப்புப் பொய்த்தது. மலிவான எரிபொருள் கிடைக்கையில் விலைமிக்க உலையை எவர் நாடுவர்?

யுரேனியம் குறைந்து தோரியம் மிகுந்த இந்தியாவுக்கு அக்கணக்கு வேறு. கல்பாக்கத்தில் 500 மெகாவாற்றுப் பெருக்கி உலையின் கட்டுமானம் 2004 இல் தொடங்கியது. அதனையும் குளிர்த்துவது சோடியமே.