கோபன்ஹேகன் கால்வாயில் கேட்ட தரங்கம்பாடி!

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்க்க பெரிய படகுகள் நிறைய உண்டு. ஆனால், நான் தேர்ந்தெடுத்தது வழிகாட்டியுடன் போகும் கயாக் பயணம். லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தால், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். தாழ்வான பாலங்கள் வந்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்!

ஒரு காலத்தில் கழிவுநீர் கலந்த துறைமுகம் இது. சுத்தப்படுத்திய பிறகு, 2002-ல் பொதுமக்கள் குளிக்கவே இடம் அமைத்துவிட்டார்கள். இப்போது கோடையில் நடு நகரத்திலேயே குதித்து நீந்துகிறார்கள்.

கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதிக்குள் நுழைந்ததும், கரையோரம் இருந்த பழைய கிடங்குகளைக் காட்டினார் வழிகாட்டி. ``டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கப்பல்கள் இங்கிருந்து ட்ராங்கேபாருக்குப் போயின'' என்றார். ஒரு நொடி புரியவில்லை. அட, நம்ம தரங்கம்பாடி!

அந்தக் கம்பெனிக்கும் முன்பே, 1618-ல் இந்த நகரத்திலிருந்து கிளம்பிய டேனிஷ்காரர்கள்தான் 1620-ல் அங்கே டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1845-ல் ஊரையே பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டார்கள்.

கிடங்குகள் இங்கே பத்திரமாக நிற்கின்றன. தரங்கம்பாடியிலோ, கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடுத்தமுறை கோட்டையில் செல்ஃபி எடுத்த கையோடு, அந்தக் கோயிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.