கடைசிப் பந்திக்கும் பின்னால்

போன மாதம் ஒரு கிறிஸ்தவ இளைஞர் முகாமில் சட்ட உரிமைகள் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். எனக்கு முன்பு பேசிய போதகர், "இன்னைக்கு ராத்திரி ஆண்டவர் வந்தா நீ ஆயத்தமா?" என்று கேட்டார். பிள்ளைகள் தலைகுனிந்து ஜெபித்தார்கள். சிலர் அழுதார்கள். ஆயத்தமாக வேண்டுமென்றால் எதையெல்லாம் விட வேண்டும் என்று ஒரு பட்டியலும் சொன்னார்: சினிமா, செல்போன், குடி, காதல், பெற்றோர் பேச்சைக் கேட்காதது. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் சேரிப் பிள்ளைகள்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்தப் பட்டியலோடு வளர்ந்தவள்தான்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஆயத்த ஆராதனை நடக்கும். சேரியில் இருந்த சின்னக் கோயிலில் உபதேசியார் மணி அடிப்பார். அப்பாயி நடவு முடிந்து வந்து, காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும். போகிற வழியில் யார் வீட்டு வாசலிலாவது நிற்கும். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்ட வீடாக இருக்கும். "மனசுல வச்சிக்காத தாயி, நாளைக்கு நற்கருணை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குள் நுழையும். மனத்தாங்கலோடு பீடத்தண்டை போகக்கூடாது என்பதை அப்பாயி அவ்வளவு நேராக எடுத்துக்கொண்டது.

அப்பாவுக்கு வேறொரு பாரம் இருந்தது. அட்டவணைச் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே அந்தப் பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஞானஸ்நானத்துக்கு ஒரு பெயர், சான்றிதழுக்கு ஒரு பெயர். பாவ அறிக்கை சொல்லும்போது அப்பாவின் குரல் தாழ்ந்துபோகும். சொந்தச் சாதியைக் காகிதத்தில் காட்ட மதத்தை மறைத்தது பொய் என்று அவர் நினைத்தார். அந்தப் பொய்க்குள் அவரைத் தள்ளிய ஆணையைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் அவர் கேட்டதில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அப்பா சுமந்தது அப்படியே இருக்கிறது.

இப்படி ஆளுக்கொரு பாவத்தைத் தேடி எடுத்து ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருக்கும் சேகரக் கோயிலுக்குப் போவோம். அங்கேதான் திருவிருந்து. ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்களுக்கு முன்வரிசை. பீடத்துக்கு முன்னால் பந்தி பந்தியாக முழந்தாளிடுவோம். முதல் பந்தியில் அவர்கள், கடைசிப் பந்தியில் நாங்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அவர்கள் குடித்து முடித்த பிறகு எங்களிடம் வரும். "ஏன் அப்பாயி நாம கடைசி?" என்று ஒருமுறை கேட்டேன். "காத்திருக்கறதும் ஆயத்தந்தான்டி" என்றது.

பத்துக் கன்னிகைகள் உவமையை அப்பாயி அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தது. எண்ணெயோடு காத்திரு, உன் முறை வரும்.

சமூகவியல் படித்தபோதுதான் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். தன்னைத்தானே சோதித்தறிந்து பந்தியில் சேர வேண்டும் என்ற போதனை அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் ஆயத்த ஆராதனைக்கே அதுதான் அஸ்திவாரம். ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் பவுல் எதைப் பற்றிப் பேசுகிறார்? கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், ஏழையை வெட்கப்படுத்துகிறீர்களே என்று சண்டை போடுகிறார். சபைக்குள் இருந்த வசதியானவர்களுக்கும் ஏழைகளுக்கும் நடுவில் நடந்த மோதல் அது என்று ஜெர்மன் வேதாகம அறிஞர் கெர்ட் தைஸன் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த அதிகாரத்தின் முடிவில், கூடிச் சாப்பிட வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்கிறார் பவுல். முந்திச் சாப்பிட்டவனுக்குத்தான் அந்தக் கட்டளை. எங்கள் சபையிலோ கடைசியில் நின்ற அப்பாயிதான் ஆயுசு முழுக்கக் காத்திருந்தது.

அதாவது, பந்தியில் யார் முன்னால், யார் பின்னால் என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அதை எடுத்துவிட்டுச் சினிமாவையும் செல்போனையும் வைத்துவிட்டோம்.

இதை யாரும் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் தயக்கமின்றி, உடனடியாக, அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் இளகி நடந்ததால், எதிர்த்தவர்களில் சிலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்வதைவிடச் சபை மாறுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இதுவரை எழுதியது எனக்கு எளிது. இனிமேல்தான் கஷ்டம்.

எம்.ஏ. முடித்த வருடம். சாதி பற்றி ஆய்வேடு எழுதி முடித்த திமிரோடு திருவிருந்துக்குப் போயிருந்தேன். எந்தப் பந்தியில் யார் என்று மனதுக்குள் கணக்கெடுத்துக்கொண்டே எங்கள் பந்தியில் முழந்தாளிட்டேன். என் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி அங்கே வரப்போனாள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, "நெருங்கி வா, அவங்க அப்புறமா தனியா வருவாங்க" என்றது. நான் நெருங்கி உட்கார்ந்தேன். இடம் அடைந்துவிட்டது. அவள் திரும்பிப் போனாள்.

அவள் அருந்ததியர் வீட்டுப் பெண். டவுனில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன. கதவோரம் நிற்பார்கள். நாங்கள் எழுந்த பிறகு வருவார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகக் கடைசிப் பந்தி எங்களுடையது என்றே நினைத்திருந்தேன். எங்களுக்குப் பின்னாலும் ஒரு பந்தி இருந்ததை ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம் அப்பாயி செய்ததைப்போல அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "டீ குடிக்கறதெல்லாம் பெரிசில்ல அக்கா. நாளைக்குப் பக்கத்துல முட்டி போடுவீங்களா?"

மறுநாள் எங்கள் பந்தி எழுந்து போனபோது நான் போகவில்லை. அவர்கள் வரும்வரை உட்கார்ந்திருந்து அவளோடு சேர்ந்து முழந்தாளிட்டேன். அத்தை இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. போதகர் எதுவும் கேட்கவில்லை. முதல் பந்தி முதல் பந்தியாகவே இருந்தது. ஆனால் அதற்கடுத்த முறை எங்கள் தெருவில் இருந்து இன்னும் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அப்பா.

அந்த முகாமில் எனக்குக் கொடுத்த நேரத்தில் சட்டத்தைக் குறைத்துக்கொண்டு இதைத்தான் சொன்னேன். முடிந்ததும் ஒரு மாணவர், "நான் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன் அக்கா, எனக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். திரும்பிப் போகச் சொல்ல மாட்டேன். விட்டு வந்ததற்கு அவரிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் வந்து சேர்ந்த இயக்கத்திலும் பந்திகள் உண்டு, தோழர்களே. மேடையில் யார் முதலில் பேசுகிறார்கள், கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது யார் நாற்காலி அடுக்குகிறார்கள், உள் ஒதுக்கீடு என்றதும் யார் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் தெருக்களில் என்ன பேசினோம் என்பது நமக்குத் தெரியும்.

ஆண்டவர் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டம் எப்போது என்பது தெரியும். நாம் சாப்பிட உட்காருவதற்கு முன்பு, கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவோம்.

ஜெய்பீம்.