கேசட்டில் இருக்கும் குரல்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வீடியோ கேசட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியிலும் தூங்குகின்றனவா? 1995-ல் வந்த மினி டிவி கேசட்டுகளைத்தான் சொல்கிறேன். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி வைத்துக்கொள்ள ஆசை எல்லோருக்கும் உண்டு. 'எந்த சாஃப்ட்வேர்?' என்ற கேள்வியில்தான் நின்றுவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் பதினொரு கேசட்டுகள். 1999-ல் என் மகள் பிறந்தபோது, துபாயிலிருந்து வந்த என் அண்ணா காமிராவோடு வந்து எடுத்தவை. அவற்றில் என் அம்மா இருக்கிறாள். அம்மா 2006-ல் போய்விட்டாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை. இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். புனேயிலிருந்து போன் செய்தாள். "அம்மா, பாட்டி என்னைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டினதை மாமா எடுத்தாரே, அதை அனுப்பேன். பார்த்துக் கத்துக்கறேன்."

சாஃப்ட்வேருக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. நாடாவில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கும் கடைப் பையன், மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை எடுத்தான். நான் விடவில்லை. இந்த கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஃபயர்வயர் என்ற ஒயரில் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும். வண்ண ஒயரில் எடுத்தால் படத்தின் தரம் கொஞ்சம் குறையும். புது லேப்டாப்புகளில் ஃபயர்வயர் சொருகும் இடம் கிடையாது. நல்லவேளை, அவன் கடையின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு மணி நேர கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஒவ்வொன்றும் சுமார் 13 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டேன்.

பிறகு தேடல். "மூவி மேக்கர் இருக்குமே" என்றார் இவர். 2000-ல் விண்டோஸோடு வந்த அதை, 2017-ல் நிறுத்திவிட்டார்கள். விளம்பரத்தில் பார்த்த ஒன்றை இலவசம் என்று நம்பி இவர் போட்டார். எல்லாம் முடித்துச் சேமித்தால், அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே கம்பெனிப் பெயர்! "பணம் கட்டினா போயிடும்" என்றார். வருஷா வருஷம் கட்ட வேண்டுமாம். வீட்டு வாடகை போதாதென்று அம்மா முகத்துக்கும் வாடகையா? வேண்டாம் என்றேன்.

டாவின்சி ரிசால்வ் என்று ஒன்று உண்டு. சினிமாக்காரர்களே பயன்படுத்துவது, இலவசப் பதிப்பும் இருக்கிறது. ஆனால் நிறைய மெமரி உள்ள கம்ப்யூட்டர் கேட்கும். எங்களுடையது 8 ஜிபி. நான்கு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டா எதற்கு? ஆப்பிள் கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்குக் கவலையில்லை, ஐமூவி இலவசமாகவே கிடைக்கிறது. கடைசியில் நான் எடுத்தது ஷாட்கட். முழுக்க இலவசம், முத்திரை விழாது, சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. ஓபன்ஷாட், கேடென்லைவ் என்பவையும் இதே ஜாதிதான்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நாம் வெட்டும்போது மூலப் படம் வெட்டுப்படுவதில்லை. எங்கே வெட்டினோம், எதை ஒட்டினோம் என்ற குறிப்பு மட்டுமே தனியாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே கை நடுங்க வேண்டாம். எஸ் எழுத்தைத் தட்டினால் படம் இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டைத் தேர்ந்து எக்ஸ் தட்டினால் அது நீங்கி, இடைவெளியும் மூடிக்கொள்ளும். மூலப் படத்தை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடாதீர்கள், அப்புறம் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. பழைய படம் 4-க்கு 3 என்ற அளவு. இப்போதைய டிவிக்காக இழுத்துப் பரப்பினால் ஒல்லியான என் அம்மா சம்பந்தியம்மாள் மாதிரி பெருத்துவிடுகிறாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். கை வீசும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். இது அந்தக் காலத்துப் படம் ஒன்று விட்டு ஒரு வரியாகப் பதிவானதால் வருவது. சேமிக்கும்போது 'டீஇன்டர்லேஸ்' செய்தால் மறையும். எம்பி4-ஆகச் சேமித்தால் போனிலும் டிவியிலும் ஓடும்.

"சத்தத்தை எடுத்துட்டு ஒரு சினிமாப் பாட்டு போட்டுடலாம்மா, நல்லாயிருக்கும்" என்றான் கடைப் பையன். வாளிச் சத்தம், தெருவில் போகும் சைக்கிள் மணி, நடுவே அம்மாவின் "ஆச்சு, ஆச்சு, என் கண்ணுக்கு ஆச்சு". இதை எடுத்துவிட்டு எந்தப் பாட்டை வைப்பது?

சங்கடம் வேறு இடத்தில் வந்தது. குளிப்பாட்டி முடித்ததும் அம்மா குழந்தையின் மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறாள், பிறகு வாயால் ஊதுகிறாள். இன்று குழந்தை டாக்டர்கள் இதைக் கூடாது என்கிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். ஊதினால் கிருமி தொற்றும். "இருந்துட்டுப் போகட்டுமே, அவங்க அப்படித்தானே செஞ்சாங்க" என்றார் இவர். அதுவும் நியாயம்தான். ஆனால் மகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறாளே!

இரண்டு படம் செய்தேன். மகளுக்கு 22 நிமிஷப் படம், அந்த இடம் மட்டும் இல்லாமல். இன்னொன்று எல்லாவற்றோடும், எங்களுக்கு.

மறுநாளே போன். "பாட்டி கிண்ணத்தை எடுக்கறா, அப்புறம் சட்டுனு துண்டு வந்துடுதே. நடுவுல என்னம்மா?"

சொன்னேன். சிரித்தாள். "அதையும் அனுப்பு, நான் செய்ய மாட்டேன்" என்றாள். அனுப்பினேன்.

இனி நாலாம் கேசட்டை எடுக்க வேண்டும். என் நாத்தனார் கல்யாணம். பந்தி மட்டும் 40 நிமிஷம் ஓடுகிறது.